சுரண்டையிலிருந்து போன பால்

ஜூன் 10, செவ்வாய்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. எந்த ஊரில் எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டேன் என்பதைத் தவிர இதுவரை இதில் எதுவும் எழுதியதில்லை. கால்நடை ஆய்வாளருக்கு அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

இன்று காலை சுரண்டை ஆஸ்பத்திரியில் என் மனைவி மாரிச்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. வயிற்றுக்குள் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். தொப்புள்கொடி கழுத்தை இறுக்கியிருந்தது. குழந்தை அழவில்லை. பை வைத்து மூச்சு கொடுத்தார்கள். பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். மாரிச்செல்விக்கு மயக்கம் தெளியவில்லை. அவளுடைய பிச்சம்மாள் சித்தி பக்கத்தில் இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசா என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். பிறக்கும் நேரத்தில் மூளைக்குப் போக வேண்டிய ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது. மூன்று நாள் உடம்பைக் குளிர்ச்சியிலேயே வைத்திருப்பார்கள். அப்போது மூளைக்குச் சேதம் குறையும். வேறு சிலவும் சொன்னார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். குளிர்ந்த மெத்தைமேல் கிடந்தாள். பாதத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. பிறந்த கன்று சில்லிட்டால் நாங்கள் சாக்கை வைத்துத் தேய்த்துச் சூடேற்றுவோம். இங்கே தலைகீழ்.

தொட்டிலில் 'மாரிச்செல்வியின் குழந்தை' என்று ஒட்டியிருக்கிறது.

ஜூன் 11, புதன்

டாக்டர் காலையில் கேட்ட முதல் கேள்வி: "அம்மாகிட்ட பால் எடுத்தாங்களா?"

பாப்பாதான் குடிக்கும் நிலையில் இல்லையே என்றேன்.

"வயித்துக்குள்ள இப்பக் கொடுக்க மாட்டோம். ஆக்ஸிஜன் குறையறப்ப உடம்பு இருக்கற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விட்டுடும். குடல் பட்டினி கிடந்திருக்கும். அவசரப்பட்டுப் பாலை விட்டா குடல் புண்ணாயிடும். ஆனா சீம்பால் ரெண்டு சொட்டு கன்னத்துக்குள்ள தடவலாம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கிருமி சீக்கிரம் தொத்தும். அதுக்கு எதிர்ப்பு சக்தி அந்தப் பால்லதான் இருக்கு. இன்னைக்கே கொண்டுவாங்க."

சித்திக்குப் போன் செய்தேன்.

"அதெல்லாம் நேத்தே பீச்சிச் செவத்துல விட்டாச்சு மாப்ள" என்றாள். "பிள்ள பக்கத்துல இல்லேல்லா. கட்டிக்கிட்டா காச்ச வந்துரும். மஞ்ச மஞ்சயா வந்துச்சு, அந்தப் பால வச்சு என்ன செய்ய?"

என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'கன்னு விழுந்த உடனே சீம்பாலக் கொடுத்திரணும், கொட்டிராதீங்க, அதுதான் கன்னுக்கு முதல் தடுப்பூசி' என்று எட்டு வருஷமாக ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். என் வீட்டில் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மத்தியானப் பஸ்ஸில் சுரண்டைக்குப் போனேன். மாரிச்செல்வி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. பிரஷர் இறங்கவில்லையாம், இறங்கும்வரை பயணம் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார்.

"எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"உன்னை மாதிரி மூக்கு."

"மூக்க விடுங்க அத்தான்."

டாக்டர் பால் கேட்டதைச் சொன்னேன். நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி அவளே கையால் பிழிந்தாள். வலித்தது. கிண்ணத்தின் அடி மட்டும் நனைந்தது. இன்றைக்கும் மஞ்சளாகத்தான் வந்தது. எல்லாம் போய்விடவில்லை. சுத்தப்படுத்திய சின்னக் குப்பியில் ஊற்றி மூடினோம்.

ஐஸ் வைத்துக் கொண்டுபோக எதுவும் இல்லை. எங்கள் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி கொண்டுபோகும் புது ஐஸ் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

பெட்டியின் மேல் 'கோமாரி நோய்த் தடுப்பூசி' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. நேற்று அவசரத்தில் கவனிக்கவில்லை. ராத்திரி குழந்தைகள் பிரிவு வாசலில் நர்ஸ் செலின் சிஸ்டர் வாங்கிப் பார்த்தார்.

"என்ன சார், எங்க பிள்ளைகளுக்குக் குளம்பு இருக்கான்னு பாத்தீங்களா?"

புதுப் பெட்டி, கழுவிக் கொண்டுவந்தேன் என்று விளக்கம் சொன்னேன். "சும்மா சொன்னேன் சார், ஐஸ் கரையாம வந்திருக்கே, அது போதும்" என்றார்.

சுத்தமான பஞ்சுக் குச்சியைப் பாலில் நனைத்துப் பாப்பாவின் கன்னத்துக்குள் தடவினார். என்னைப் பார்க்க விட்டார். உதடு அசையவில்லை. "இப்ப அசைக்க மாட்டா. தூக்க மருந்து ஓடுது" என்றார்.

பஸ்ஸில் எனக்குத் தெரிந்த ஆட்டுக்காரர் ஒருவர் பெட்டியைப் பார்த்து, "எந்த ஊருக்கு ஊசி டாக்டரே?" என்று கேட்டார். ஆலங்குளம் என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் உடம்பை மெல்லச் சூடேற்றத் தொடங்கினார்கள். நான் நின்றுகொண்டிருந்தபோது பாப்பா இடது காலை ஆட்டினாள். சைக்கிள் மிதிப்பதைப் போல ஒரே சீராக. முதல் அசைவு. செலின் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

டாக்டர் வந்து சொன்னதை இங்கே எழுதவில்லை. ஊசி போட்ட பிறகு கால் நின்றுவிட்டது.

மாரிச்செல்வியிடம் போனில், "பிள்ளை காலை ஆட்டுனா" என்றேன். "எந்தக் கால்?" என்று கேட்டாள். இடது கால் என்றேன். சித்தியிடம் திருப்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

வாய் வழியாக மெல்லிய குழாயை வயிற்றுக்குள் விட்டு, முதல் முறையாக இரண்டு மில்லி பால். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தார் சிஸ்டர். பால் தானாக இறங்கியது. உடனே மாரிச்செல்விக்குச் சொன்னேன். உண்மையைச் சொல்ல முடிந்தது.

ஜூன் 16, திங்கள்

லீவு கிடைக்கவில்லை. குலையநேரியில் ஆட்டுக்கு ஊசி முகாம். ஒரு கிடா என் கையை உதறிவிட்டு ரேஷன் கடைக்குள் ஓடிவிட்டது. பிடித்துக்கொண்டு வந்தார்கள். முடிந்ததும் சுரண்டைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு நெல்லைக்குப் பஸ் ஏறினேன். இப்போது பால் குப்பியில் பாதிக்கு மேல் வருகிறது.

பெட்டியைத் திறந்தபோது குப்பிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு அடுப்புக்கரியும் வேப்பிலையும் இருந்தன. சித்தியின் வேலை. தாய்ப்பால் நாலு தெரு தாண்டிப் போவதால் கண் படக் கூடாதாம்.

செலின் சிஸ்டர் கரியை எடுத்துப் பார்த்தார். "இது எதுக்கு சார்? பாப்பா தோசை சுடப் போகுதா?" குப்பியின் வெளிப்புறத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தார். "பால் பக்கத்துல இலை, தழை, கரி எதுவும் வரக் கூடாது. வேணும்னா உங்க சட்டைப் பையில வச்சுக்கோங்க. அங்க நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

சித்தியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பைல வச்சாலும் சரிதான், கூடப் போனாச் சரி" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

பாப்பாவின் வயிறு உப்பியிருக்கிறது. குழாய் வழியே பச்சை நிறமாகத் திரும்பி வந்தது. பாலை நிறுத்திவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் கிருமி இருப்பது போலத் தெரிகிறதாம். வேறு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். சத்து இனி நரம்பு வழியாக ஏறும்.

கொண்டுபோன பாலை என்ன செய்வது என்று கேட்டேன். "முதல்ல மிஞ்சினதை வச்ச மாதிரியே தேதி போட்டு ஃப்ரீசர்ல வைக்கோம். எடுக்கதை நிப்பாட்டச் சொல்லாதீங்க. நின்னா மறுபடி சுரக்க வைக்கக் கஷ்டம். வயிறு சரியானதும் பாப்பாவுக்கு முதல்ல தேவைப்படறது அதுதான்" என்றார் சிஸ்டர்.

மாரிச்செல்வி போனில், "குடிச்சாளா?" என்றாள்.

"குடிச்சா."

கவலைப்பட்டால் பால் வற்றிவிடும். பிரஷரும் ஏறும். மாடானாலும் மனுஷியானாலும் இது தெரிந்த விஷயம்தான்.

ஜூன் 18, புதன்

வயிறு அப்படியே. பால் கொண்டுபோனேன். குடிச்சா என்றேன்.

ஜூன் 19, வியாழன்

அப்படியே. ஆலங்குளத்தில் பஸ் பஞ்சர். ஐஸ் கரைந்துவிடுமோ என்று பக்கத்துக் கடையில் சர்பத்துக்கு வைத்திருந்த ஐஸைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. மாட்டு ஊசி என்றே நினைத்துக்கொண்டார்.

ஃப்ரீசருக்குப் போகிற பாலுக்கு ஏன் இவ்வளவு பதறினேன் என்று பிறகுதான் தோன்றியது.

ஜூன் 20, வெள்ளி

மாரிச்செல்வியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை தொடர வேண்டும். இன்னும் நாலைந்து நாள் பஸ்ஸில் ஏறக் கூடாது.

அவள் இப்போது கேட்கிற கேள்வி குறைந்துவிட்டது. குப்பியை மூடித் துணியில் சுற்றி என் கையில் தருகிறாள். "குடிச்சாளா?" என்று மட்டும் கேட்கிறாள். நானும் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன்.

ஜூன் 21, சனி

டாக்டர் பேசினார். கிருமி கட்டுப்படுகிறது. வயிறு இன்று கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனால் விரலை வாயில் வைத்தால் பாப்பா உறிஞ்சவில்லை. "உறிஞ்சி, விழுங்கி, நடுவுல மூச்சும் விடணும். மூணும் சேந்து நடக்கணும். அதை மூளைதான் நடத்தணும். காத்திருந்து பாக்கலாம்" என்றார். உறிஞ்சாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

செலின் சிஸ்டர் வாசலில் நிறுத்தி இன்னொன்று கேட்டார். "ஃப்ரீசர்ல உங்க வீட்டுப் பால்தான் அதிகம் இருக்கு. இங்கே அம்மா பால் கிடைக்காத குறைமாதப் பிள்ளைக ரொம்ப இருக்கு சார். உங்க பாப்பாவுக்கு வேண்டியதை ஒதுக்கி வச்சிட்டு, மிச்சத்தைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாமான்னு கேக்கோம். சூடுபடுத்திக் கிருமி நீக்கித்தான் கொடுப்போம். உங்க வீட்டம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யணும்."

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"நீங்க சொன்னா ஆகாது. பால் அவங்களோடது. அவங்கதான் சொல்லணும்."

பாப்பா தினமும் குடிக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறவளிடம், பால் மிஞ்சிக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

கேட்கவில்லை. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டேன். மழைத் தூறல்.

ஜூன் 23, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பால் வாங்கப் போனேன். சித்தி கடைக்குப் போயிருந்தாள். மாரிச்செல்வி கட்டிலில் உட்கார்ந்து பிழிந்துகொண்டிருந்தாள். முடிகிறவரை நின்றேன். மூடி போட்டு, துணி சுற்றி நீட்டினாள். நான் வாங்கிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"நேத்து எவ்வளவு குடிச்சா?"

"பத்து மில்லி இருக்கும்."

"முந்தாநாளு?"

"அதே அளவுதான்."

"குழாய்லயா, பாலாடையிலயா?"

"பாலாடையில" என்றேன். பிள்ளைக்குப் பால் புகட்டச் சங்குக்குப் பதில் இந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணம்தான் என்று எங்கோ பார்த்திருந்தேன்.

குப்பியை விட்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அத்தான், வீராணத்துல ஒரு வீட்டுப் பசு படுத்துக் கெடந்துச்சுல்லா, நாம கல்யாண வீட்டுக்குப் போற வழியில என்னையும் வண்டியில வச்சுக்கிட்டுப் போய்ப் பாத்தியளே. அந்த அக்காகிட்ட 'எந்திரிச்சிரும், பயப்படாதீய'ன்னு சொன்னிய. வண்டிய எடுத்த உடனே எங்கிட்ட, சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னிய."

எனக்கு நினைவிருந்தது.

"அன்னைக்கு அந்த அக்காவப் பாத்த உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதே மூஞ்சியத்தான் புதங்கெழமைல இருந்து நான் பாக்கேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலை ஆட்டியது வலிப்பு என்பது, வயிறு உப்பியது, கிருமி, நரம்பு வழிச் சத்து, உறிஞ்சாதது, உறிஞ்சாமலே போனால் குழாயோடு வீட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னது. எழுதாமல் விட்டவற்றையும் சொன்னேன். முதல் நாள் டாக்டர் சொன்னதில் 'வேறு சில' என்று நான் எழுதி விட்டது, பிழைக்காமலும் போகலாம் என்பதுதான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சுமா இத்தன நாளும் பால் எடுத்தே?" என்றேன். "நீ சொல்லியிருந்தா உனக்கு இந்த வலியாவது மிச்சமாயிருக்குமே."

"எடுக்கலேன்னா நீங்க அங்க என்ன சொல்லிட்டுப் போவிய?" என்றாள். "கையில ஒண்ணும் இல்லாம அந்த வாசல்ல போய் நிப்பியளா? உங்களால முடியாது. பாதி நாளு மாட்டுக்கு ஊசின்னு போயிருவிய. பால் இருக்கப் போய்த்தான் தெனமும் போய் அவளப் பாத்திய. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி."

நான்தான் அவளுக்காகப் பொய் சொல்லி வந்ததாக நினைத்திருந்தேன்.

பால் வங்கி விஷயத்தைக் கேட்டேன். "எம்பிள்ளைக்கு உள்ளத மொதல்ல எடுத்து வைக்கச் சொல்லுங்க. மத்தத எந்தப் பிள்ள குடிச்சா என்ன, குடிக்கட்டும்" என்றாள். பிறகு, "நானே வந்து சொல்லுதேன்" என்றாள்.

சுரண்டை ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தோம். இறங்கியிருக்கிறது. பஸ் வேண்டாம், மெதுவாகக் காரில் போகலாம் என்றார்கள். சித்தி கரித்துண்டை நீட்டினாள். மாரிச்செல்வி வாங்கி என் சட்டைப் பையில் போட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

மாரிச்செல்வி பாப்பாவைப் பார்த்தாள். கை கழுவி, அங்கி போட்டு உள்ளே போனாள். தொட்டில் பக்கம் குனிந்து நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தாள். அப்புறம் என்னிடம், "மூக்கு உங்க மூக்குல்லா" என்றாள்.

செலின் சிஸ்டர் நாற்காலி போட்டு, வயர்களையெல்லாம் ஒதுக்கி, பாப்பாவை அவள் நெஞ்சோடு தோல்படச் சாய்த்து வைத்தார். "அம்மா உடம்புல இருக்கற நல்ல கிருமி பிள்ளைக்குப் போகட்டும். ஆஸ்பத்திரிக் கிருமிக்கு இடம் இருக்காது" என்றார். மாரிச்செல்வி மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். "மூச்சு விடும்மா, பாப்பா பழகட்டும்."

குழாயில் மறுபடி பால் தொடங்கியிருக்கிறது. ஃப்ரீசரில் இருந்ததில் முதல் நாட்களில் எடுத்த மஞ்சள் பாலைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். வயிறு உப்பவில்லை.

ஜூன் 26, வியாழன்

வயிறு தளர்வாக இருக்கிறது. அளவைக் கூட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தாய்மார் தங்கும் அறையில் மாரிச்செல்விக்கு இடம் கிடைத்தது. அவள் என்னை வேலைக்குப் போகச் சொன்னாள். "தெனமும் வந்து நின்னு என்ன செய்யப் போறிய? ஆட்டுக்கு ஊசி போடணும்லா" என்றாள். நான் போகவில்லை. சும்மா கையை வீசிக்கொண்டு உள்ளே போய்ப் பாப்பாவைப் பார்த்தேன். என்னால் முடிந்தது.

ஜூன் 28, சனி

செலின் சிஸ்டர் சுண்டுவிரலை வாயில் வைத்தார். நாக்கு அசைந்தது. "இது மென்னுதான் பாக்கா, இழுக்கலை" என்றார். மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள். இழுக்கவில்லை என்று நானும் சொன்னேன்.

ஜூலை 1, செவ்வாய்

பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பாதி கழுத்து வழியாக ஓடியது. பாதி உள்ளே போனது. இருமவில்லை. டாக்டர் மெஹருன்னிசா வந்து நின்று பார்த்தார். "ஸ்கேன்ல மாற்றம் இருக்கு. உக்கார, நடக்க, பேச எல்லாம் லேட்டாகலாம், லேட்டாகாமலும் இருக்கலாம். மாசாமாசம் வந்து காட்டணும், பயிற்சி கொடுக்கணும். இன்னைக்கு என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார். மாரிச்செல்வி, "சரி டாக்டர், இன்னைக்குள்ளது போதும்" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் மாரிச்செல்வி மார்பில் வைத்துக்கொண்டாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிஸ்டர் தாடைக்கு அடியில் விரல் கொடுத்துத் தாங்கினார். ஒரு முறை இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் களைத்துத் தூங்கிவிட்டது. மீதியைக் குழாயில்தான் கொடுத்தார்கள்.

மாரிச்செல்வி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பாத்தியளா?" என்றாள்.

"பாத்தேன். ரெண்டு வாய்தான் குடிச்சா."

"ரெண்டுதான்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

வெளியே வந்தபோது என் அண்ணன் மும்பையிலிருந்து போன் செய்தான். பிள்ளை பிறந்ததிலிருந்து அவனிடம் நான் சரியாகப் பேசவில்லை.

"நல்லாயிட்டாளாடே?"

"தெரியாதுண்ணே. போகப் போகத்தான் தெரியும். இன்னைக்கு அவ அம்மாகிட்டக் கொஞ்சம் குடிச்சா."

பிறகு, "நீ சாப்பிட்டியாடே?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அதுவும் உண்மைதான்.